கதிர்காமத்துக்கு வைத்த முடி

ஸும்றாவுக்கு மரேனைப் பிடிக்காது. குப்பாயியை அதைவிடப் பிடிக்காது. இந்த இரண்டு பேருக்கும் நடுவில் நின்று, ஒருத்தி சொல்வதை மற்றவளுக்குச் சொல்வதுதான் அவளுடைய உத்தியோகம். எட்டு மாதமாக இந்தப் பிழைப்பு.

மரேன் நோர்வேக்காரி. ருமேனியாவில் ரோமா என்ற நாடோடிச் சனத்தின் பிள்ளைகளுக்கு ஒரு வருஷம் தொண்டாகப் படிப்பித்தவள். அந்தப் பிள்ளைகளின் முன்னோர் இந்தியாவிலிருந்து போனவர்கள் என்று எங்கோ வாசித்து, இந்தப் பக்கத்திலும் அப்படி ஒரு சனம் இருக்குமா என்று தேடி, ஒரு தொண்டு அமைப்பின் மூலம் கொழும்புக்கு வந்திருந்தாள். சனம் இருந்தது. நாட்டின் கிழக்கிலிருந்து வந்து, கொட்டாஞ்சேனையில் துறைமுக மதிலோரம் பலகை வீடுகளில் ஒண்டிக்கொண்ட பதினொரு குடும்பங்கள். வீட்டுக்குள் தெலுங்கு, வெளியில் தமிழ். ஆண்கள் முன்பு பாம்பாட்டினார்கள், இப்போது புறக்கோட்டையில் மூட்டை தூக்குகிறார்கள். பெண்கள் வெள்ளவத்தைப் பக்கம் போய் வீடு வீடாகக் கை பார்த்துச் சாத்திரம் சொல்கிறார்கள். ஊர் அவர்களைக் குறவர் என்று சொல்லி மூக்கைச் சுளித்தது. ஸும்றாவும் சுளித்தவள்தான், பொய் சொல்வானேன்.

ஒரு ஹாட்வெயார் கடைக்கு மேலே அறை ஒன்றை வாடகைக்கு எடுத்து மரேன் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தாள். சம்பளம் வாங்காமல் செய்தாள். அதை யாரிடமாவது தினம் ஒரு தடவை சொல்லாமல் அவளுக்குப் பொழுது போகாது.

ஸும்றாவுக்கு ஒரு தொழில் முறை இருந்தது. கேட்டதில் உள்ள காரத்தையெல்லாம் எடுத்துவிட்டு மிச்சத்தைச் சொல்வாள். “இந்த வெள்ளைக்காரிக்கு அவட ஊர்ல வேல இல்லையா? எங்கட புள்ளைகள்ர போட்டோவ வித்தா திங்கிறா?” என்று குப்பாயி கத்துவாள். “படங்கள் நன்றாக வந்தனவா என்று கேட்கிறார்,” என்று ஸும்றா ஆங்கிலத்தில் சொல்வாள். “இந்தப் பெண் ஏன் எப்போதும் சண்டைக்கு நிற்கிறாள்?” என்று மரேன் முகத்தைச் சுருக்குவாள். “சுகமா இருக்கிறீங்களான்டு கேக்கிறா,” என்பாள் ஸும்றா. இப்படியே காலம் ஓடியது. மரேன் தன்னை எல்லோரும் நேசிப்பதாக நம்பினாள். அந்த நம்பிக்கை ஸும்றா கட்டிக்கொடுத்தது.

அதைக் கட்டிக்கொடுத்ததற்குக் காரணமும் இருந்தது. மாதக் கடைசியில் மரேன் நாடு திரும்புகிறாள். அவளை அனுப்பிய அமைப்பு கிருலப்பனையில் நிரந்தர அலுவலகம் திறக்கப் போகிறது. மரேன் நல்லதாக ஒரு கடிதம் எழுதினால் அங்கே ஸும்றாவுக்கு மேசை, நாற்காலி, மாதச் சம்பளம். எழுதாவிட்டால் பழையபடி புறக்கோட்டைத் துணிக்கடையில் பத்து மணித்தியாலம் நின்று சேலை பிரித்துக் காட்ட வேண்டும். அந்த எண்ணமே அவளுக்குக் கால் வலியைக் கொண்டுவந்தது.

இந்த நேரம் பார்த்துத்தான் பிள்ளைகளுக்குப் பேன் பிடித்தது.

மரேன் கத்தரிக்கோலும் சீப்பும் வாங்கி வந்தாள். ருமேனியாவிலும் இதைத்தான் செய்தாளாம், ஒரே நாளில் முப்பது தலை வெட்டினாளாம். “தாய்மாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வா,” என்றாள். ஸும்றா வெயிலில் இறங்கிப் போனாள். பத்து வீட்டுக்காரிகள் தலையாட்டினார்கள். குப்பாயி தெருக் குழாயடியில் வாளிக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“என்ட மக றஷ்மிட தலையில கை வெக்க வேணாம்,” என்றாள் குப்பாயி. “டெங்கு வந்து ஆஸ்பத்திரியில டொக்டர்மாரே கைய விரிச்ச நேரம், கதிர்காமத்தானுக்கு நேர்ந்து வளத்த முடி. ஆடியில கொண்டுபோய் அங்க மொட்டை அடிக்கணும். அதுக்கு முந்தி கத்தரி பட்டா அவன் குடுத்த உசிர அவனே எடுத்துருவான். விளங்குதா? பேனை நான் எடுப்பன். வெட்டினா வெட்டின கைய வெட்டுவன்.”

“சரி, கத்தாதீங்க.”

“நீ ஒழுங்காச் சொல்ல மாட்டாய். அவளுக்கு வால் பிடிக்கிறவள்தானே நீ!”

குழாயடியில் நின்ற பெண்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். ஸும்றாவுக்கு உச்சந்தலை கொதித்தது. குறத்தி ஒருத்தியிடம், அதுவும் நடுத்தெருவில், இந்தப் பேச்சுக் கேட்க வேண்டும் என்று தலையெழுத்தா? படி ஏறி முடியும்வரை அதையே மென்றுகொண்டு வந்தாள்.

“எல்லோரும் சம்மதமா?” என்றாள் மரேன்.

“குப்பாயிக்கு மட்டும் கொஞ்சம் தயக்கம்.”

“ருமேனியாவிலும் முதலில் தயங்கினார்கள். பிறகு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.”

அப்போது சொல்லியிருக்கலாம். ஒரு வசனம் போதும். ஆனால் மரேனிடம் ‘இல்லை’ என்று சொல்லி ஸும்றாவுக்குப் பழக்கமில்லை, குழாயடிச் சிரிப்பும் காதில் இன்னும் அடங்கவில்லை. றஷ்மியின் முறை வந்தது. ஒன்பது வயது. இடுப்புக்குக் கீழே தொங்கும் பின்னல். நாற்காலியில் உட்காராமல் அவள் ஸும்றாவைப் பார்த்தாள்.

“மிஸ், அம்மா வெட்டச் சொன்னாவா?”

“ஓம். சொன்னா.”

பிள்ளை நம்பி உட்கார்ந்தது. பின்னல் மற்றப் பிள்ளைகளின் முடியோடு சேர்ந்து கறுப்புப் பையில் போனது. மறுநாள் விடியவே மாநகரசபைக் குப்பை லொறி அந்தப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டது.

அன்று காலையே குப்பாயி வந்தாள். முதல்நாள் வெள்ளவத்தைக்குப் போனவள், இருட்டிய பிறகு வீட்டுக்கு வந்து பிள்ளையின் தலையைப் பார்த்தவள், தூங்கவில்லை என்று கண்ணிலேயே தெரிந்தது. ஒரு கையில் றஷ்மியைப் பிடித்திருந்தாள். கத்துவாள் என்று ஸும்றா எதிர்பார்த்தாள். குப்பாயி கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“முடி எங்க?” என்றாள். “அதையாவது தாங்க. அவன்ட காலடியில கொண்டுபோய்ப் போட்டு அழுது கேக்கிறன்.”

“என்ன சொல்கிறார்?” என்றாள் மரேன்.

ஸும்றாவின் வாய் பழக்கப்பட்ட பாதையில் போனது. “மகளின் முடியை ஞாபகத்துக்கு வைத்திருக்க ஆசையாம்.”

மரேனின் முகம் மலர்ந்தது. “ஐயோ பாவம், பேன் முடி, எறிந்துவிட்டோமே! மூன்று மாதத்தில் இதைவிட அழகாக வளரும் என்று சொல்.”

ஸும்றா குப்பாயி பக்கம் திரும்பினாள். “தெரியாமக் குப்பையில போயிட்டாம். மன்னிச்சிக்கொள்ளச் சொல்றா.”

“மரேன் மிஸ் அப்பிடிச் சொல்லல்ல,” என்றாள் றஷ்மி.

எட்டு மாதம் ஆங்கிலம் படித்த பிள்ளை அது. அந்த வகுப்பில் முதலாவதும் அதுதான். மரேனுக்கு அதில் எவ்வளவு பெருமை! றஷ்மி அம்மாவின் கையை விட்டுவிட்டு மரேனின் முன்னால் போய் நின்றாள். பாடம் ஒப்பிக்கும்போது நிற்பதைப் போலவே நின்று, ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள்.

“அம்மா ஞாபகத்துக்குக் கேட்கவில்லை. என் முடி கடவுளுடையது. எனக்குக் காய்ச்சல் வந்தது. நான் சாகவில்லை. அதற்காக அந்த முடி. அம்மா நேற்று வேண்டாம் என்று சொன்னா. ஸும்றா மிஸ் என்னிடம் ஓம் என்று சொன்னா. இப்போது நான் செத்துவிடுவேன் என்று அம்மா பயப்படுகிறா.”

மரேன் வெளிறிப் போனாள். “ஸும்றா, இது உண்மையா?”

ஸும்றா தலையைக் குனிந்துகொண்டாள். மரேன் தரையில் முழந்தாளிட்டு, ஸும்றாவை ஏறெடுத்தும் பார்க்காமல் றஷ்மியிடம் கெஞ்சினாள். “எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. என்னைத் திட்டச் சொல், அடிக்கச் சொல். உன் அம்மாவிடம் சொல்.”

றஷ்மி சொன்னாள். குப்பாயி கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு மரேனைத் தாண்டி ஸும்றாவிடம் வந்தாள். துணிக்கடையும் கிருலப்பனை மேசையும் அந்த நேரத்தில் ஸும்றாவின் மனதில் எங்கேயும் இல்லை. சுவர் முதுகில் இடித்தபோதுதான் தான் பின்வாங்கியிருக்கிறோம் என்று தெரிந்தது.

“வெள்ளைக்காரிக்கு என்ட பேச்சு விளங்காது,” என்றாள் குப்பாயி. “அவளோட எனக்கு என்ன கோவம்? நான் சொன்னது ஒனக்கு விளங்கினது.”

“என்ன சொன்னார்?” என்று மரேன் பிள்ளையிடம் கேட்டாள்.

றஷ்மி ஒரு சொல்லும் குறையாமல் சொன்னாள்.