பட்டாளத்துக் கொள்ளுத்தாத்தாவின் சபை

வம்சாவளி எழுதக் கிளம்பிய எலெக்ட்ரீஷியன், கொள்ளுத்தாத்தாவைத் தேடி மூன்று சபைகளின் ஞானஸ்நானப் பதிவேடுகளைப் புரட்டிக் கண் பூத்துப்போனான். எங்கும் பெயரில்லை. அவர் பட்டாளத்துக்காரர் என்று சொல்லி, சீருடை போட்ட போட்டோ ஒன்றை அத்தை கொடுத்திருந்தாள்.

மூன்றாவது சபையின் போதகர் போட்டோவில் காலரை உற்றுப் பார்த்தார். "தம்பி, இது பட்டாளத்து உடுப்பு இல்ல; இரட்சணிய சேனை, அதான் சால்வேஷன் ஆர்மி, உடுப்பு. அதுவும் சபைதான், ஆனா ஞானஸ்நானம் கொடுக்க மாட்டாங்க. சேர்றவங்களைப் போர்வீரர்னு எழுதிக்குவாங்க. அந்தப் பட்டியலைப் பாருங்க."

பட்டியலில் கொள்ளுத்தாத்தா ஜம்மென்று இருந்தார். தெருப் பிரசங்கத்தில் டிரம் அடிப்பவராம்.

தயங்கித் தயங்கி அத்தையிடம் சொன்னான். அவள் அசரவேயில்லை.

"டிரம்மா? அதான் நம்ம குடும்பத்துல ஒருத்தருக்கும் மெதுவாப் பேச வரல!" என்றாள், தெருவுக்கே கேட்கும்படி.