காய்ச்சாத ஒயின்

1.
இஸ்ரேலின் ஹைஃபாவில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு விருந்துக்கு ஒரு மருமகள் தப்பான ஒயினை வாங்கிவிட்டாளாம். யார் வீடு, பிறகு என்ன ஆனது என்று சொன்னவருக்கும் தெரியவில்லை. அரைகுறையாகக் கேட்டதை வைத்துக்கொண்டு நான் எழுத உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: ‘மெனாஷே பெரும் பாவி, ஆனால்—’

அடித்துவிட்டேன். பாவியெல்லாம் இல்லை, டாக்சி ஓட்டியவர். வெள்ளி மாலையே தொடங்கிவிடும் ஓய்வுநாளான சனிக்கிழமையிலும் ஓட்டினார். மகன் அவிஷாய்தான் வளர்ந்தபின் பக்தனானான். ஓய்வுநாளை ஊரறிய மீறும் யூதர் தொட்ட ஒயினைக் குடிக்கக்கூடாது என்பது அவன் கற்ற சட்டம். காய்ச்சிய ஒயினுக்கு அந்தத் தடை இல்லை. ஆகவே அப்பா வரும் வாரங்களில் காய்ச்சியதையே வாங்குவான், காரணம் சொல்லாமல்.

(இதைக் ‘கபடம்’ என்று எழுதி, ‘அன்பு’ என்று திருத்தினேன். இரண்டுமே ஒட்டவில்லை.)

2.
அன்று கடைக்குப் போனது மருமகள் தெஹிலா. மெனாஷே தானே புட்டியை எடுத்து எல்லோருக்கும் ஊற்றினார். அவிஷாய் கோப்பையைத் தொடவில்லை.

“என்னடா, புளிச்சிடுச்சா?”

“நான்தான் மாத்தி வாங்கிட்டேன் மாமா” என்றாள் தெஹிலா. “இது காய்ச்சாதது.”

மகனுக்கு ஒயின் ருசி தெரியாது என்றுதான் மெனாஷே இத்தனை நாள் நினைத்திருந்தார்.

“ஓகோ. அதான் வாரா வாரம் அந்தக் கஷாயமா?”

“சட்டத்துல வழி இருக்குப்பா. அந்நியர் தூக்கிட்டுப் போய் வளர்த்த குழந்தை மாதிரின்னு உங்கள எடுத்துக்கலாம். அதுக்கு நம்ம மொறையே தெரியாது, அதனால தப்பு அதுமேல இல்ல. அப்ப நான் குடிக்கலாம்.”

“என்னை யாருடா தூக்கிட்டுப் போனா? எங்கப்பாவே வேதம் சொல்லிக்குடுத்த ரபி. எல்லாம் படிச்சேன். படிச்சிட்டு நானாத்தான் வெளிய வந்தேன்.”

“அப்படிச் சொல்லாதீங்கப்பா.”

“என்னைக் குழந்தையாக்கித்தான் நீ குடிக்கணும்னா, குடிக்காதே.”

3.
ஒரு முடிவில் அவிஷாய் குடித்தான். அதன்பின் அவனுடைய பக்தியை என்னால் நம்ப முடியவில்லை.

இன்னொன்றில் மெனாஷே எழுந்து, கார் சாவியை எடுத்து, ஓய்வுநாளென்றும் பாராமல்—

இல்லை. அந்த வண்டிச் சத்தத்தை மகனின் காதில் விழவைக்க எனக்கு மனமில்லை.

மூன்றாவதில் மெனாஷே, “சரிடா, எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னே வெச்சுக்கோ” என்றார். அழகாகத்தான் இருந்தது. ஆனால் அவர் அறிந்தே வாழ்ந்த வாழ்க்கையை ஒரு வாய் ஒயினுக்காக நான் பிடுங்கிக்கொள்வதா? வருத்தத்தோடு அதையும் கிழித்தேன்.

சூப் ஆறுகிறது என்று தெஹிலா இரண்டு தடவை சொல்லிவிட்டாள். கோப்பை நிரம்பியே இருக்கிறது. நீங்கள் யாருக்காவது அப்பா, அல்லது மகன்தானே? அந்த இருவரில் யார் முதலில் கோப்பையை நோக்கிக் கை நீட்டுவது என்று நீங்களே சொல்லுங்கள்.