இருபத்துமூன்று சென்டிமீட்டர்

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு நான் வேலைக்கு வந்தபோது ஆறாம் படுக்கையின் வென்டிலேட்டர் கத்திக்கொண்டிருந்தது. படுத்திருந்தவர் மச்சாடு, டுலாரியில் மாட்டுப்பண்ணை வைத்திருப்பவர். நிமோனியாவோடு வந்து ஐந்தாம் நாள். ஞாயிறு எனக்கு விடுமுறை. இரவெல்லாம் அவரைப் பார்த்துக்கொண்டது ரோடெல். நாங்கள் இருவரும் சுவாச சிகிச்சையாளர்கள், ஒரே வருடம் லைசென்ஸ் வாங்கியவர்கள்.

வாய் வழியாக மூச்சுக்குழலுக்குள் போகும் குழாயின் மேல் ஸ்கேல் போலச் சென்டிமீட்டர் எண்கள் அச்சிட்டிருக்கும். உதட்டருகே தெரியும் எண்தான் ஆழம். மச்சாடுவுக்கு இருபத்துமூன்று. பதிவிலும் இருபத்துமூன்று என்றே இருந்தது. குனிந்து பார்த்தேன். இருபத்தேழு.

நான்கு சென்டிமீட்டர் சின்ன விஷயமல்ல. மூச்சுக்குழல் கீழே இரண்டாகப் பிரிகிறது. இடது கிளை வளைந்து போகும். வலது கிளை அகலமானது, கிட்டத்தட்ட நேராக இறங்குவது. அதனால் ஆழமாகப் போகும் குழாய் பெரும்பாலும் வலது பக்கம்தான் நுழையும். பிறகு இரண்டு நுரையீரலுக்கான காற்றும் ஒன்றுக்குள்ளேயே திணிக்கப்படும். இடது மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தேன். சுவரில் வைத்ததுபோல் இருந்தது.

எக்ஸ்ரேயில் இடது பக்கம் முழுக்க வெள்ளை, காற்றே இல்லை. டாக்டர் குழாயை நான்கு சென்டிமீட்டர் வெளியே இழுத்தார், கத்தல் நின்றது. அடங்கிப்போன நுரையீரல் மறுபடி விரியுமா என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார்.

ரோடெல் ஓய்வறையில் கோட்டு மாட்டிக்கொண்டு, மச்சாடுவின் மனைவி எங்களுக்காகக் கொண்டுவந்திருந்த இனிப்பு ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தான்.

"என்ன யோலி, பேயப் பாத்த மாதிரி நிக்கிற?"

"ஆறு மணிக்கு மச்சாடு குழாயப் பாத்தியா?"

"பாத்திருப்பேன். ஏன்?"

"இருபத்திமூணுன்னு எழுதியிருக்க. இருபத்தேழுல கெடக்கு. எடது பக்கம் மொத்தமா அடங்கிப்போச்சு."

அவன் வாய் மெல்லுவதை நிறுத்தியது.

வென்டிலேட்டரின் அழுத்தம், ஆக்சிஜன் எல்லாம் தானாகவே கம்ப்யூட்டர் பதிவுக்கு வந்துவிடும். குழாயின் ஆழத்தை மட்டும் எந்த இயந்திரமும் பார்க்காது. மனிதக் கண் வேண்டும். ஆனால் முந்தின வரியை அப்படியே இறக்கித்தரும் பொத்தான் ஒன்று இருக்கிறது.

"ஒன்பது பேரு யோலி. நேத்து ராத்திரி எனக்கு ஒன்பது வென்டிலேட்டர். பட்டன அமுக்கிட்டேன்."

"பாக்காதத பாத்தேன்னு எழுதுறது பொய்ப்பதிவு. லைசென்ஸ் போர்டுக்கு நீயே எழுதிடு. இல்லன்னா நான் எழுதணும். தெரிஞ்சும் மூடி மறைச்சா என் லைசென்ஸுக்கும் ஆபத்து, சட்டம் அப்படி."

"ஏற்கெனவே ஒரு எச்சரிக்கை வாங்கியிருக்கேன். இன்னொண்ணு வந்தா என் கதை முடிஞ்சுது."

"அத மச்சாடுகிட்டப் போய்ச் சொல்லு."

"ஆமாம்மா, நீ மாதா சிலை. பீடத்துல ஏத்தி மெழுகுவத்தி கொளுத்துறோம்!"

அப்போது எங்கள் மேற்பார்வையாளர் க்வென் உள்ளே வந்தார். கையில் இரண்டு தாள்கள். "கத்துனது போதும், ரெண்டு பேரும் வாங்க."

முதல் தாளில் வென்டிலேட்டரின் நினைவிலிருந்து எடுத்த கோடு. காற்றை உள்ளே தள்ள எவ்வளவு அழுத்தம் தேவைப்பட்டது என்று இயந்திரம் நாள்கணக்கில் ஞாபகம் வைத்திருக்கும். கோடு தட்டையாக வந்து, ஓரிடத்தில் படிக்கட்டுபோல் ஏறி, பிறகு இறங்கவே இல்லை. நிமோனியா முற்றுகிறது என்று நினைத்து எல்லோரும் ஆக்சிஜனைக் கூட்டியிருந்தார்கள்.

"படி ஏறுறது சனிக்கிழமை காலைல பத்து மணி பன்னெண்டு நிமிஷத்துக்கு," என்றார் க்வென். "அப்ப ரூம்ல யாரு?"

ரோடெல் இரண்டாவது தாளில் இருந்த குழாய்ப் பதிவைப் படித்தான். "யோலி," என்றான். அந்தக் குரலில் கிண்டல் இல்லை.

குழாயைப் பிடித்திருக்கும் பட்டையை நான்தான் மாற்றியிருந்தேன். உதடு புண்ணாகாமலிருக்க, குழாயை வாயின் வலது ஓரத்திலிருந்து இடது ஓரத்துக்கு நகர்த்தினேன். நகர்த்தியபின் எண்ணைப் பார்க்க வேண்டும். பார்த்தேனா? அவருடைய நரைத்த மீசை ஞாபகம் வந்தது. பட்டையின் ஒட்டும் பசை விரலில் பிசுபிசுத்தது ஞாபகம் வந்தது. எண் மட்டும் வரவில்லை.

பத்தேகால்: இருபத்துமூன்று. அதிலிருந்து நான்கு மணிக்கொரு தரம், பன்னிரண்டு வரிகள், நான்கு பேர், எல்லாம் இருபத்துமூன்று. கடைசி மூன்று ரோடெலுடையவை. முதல் மூன்று என்னுடையவை.

நாற்காலி எங்கே என்று கையால் தடவித்தான் உட்கார்ந்தேன்.

"நடந்தத நடந்தபடி எழுதுங்க," என்றார் க்வென். "பழைய வரியில யாரும் கை வைக்கக்கூடாது. குடும்பத்துக்கு டாக்டரும் நானும் மத்தியானம் சொல்றோம்."

ரோடெல் என்னைப் பார்த்தான். "அந்தச் சட்டத்த இன்னொரு தரம் சொல்லு யோலி. போர்டுக்குப் போற பாரத்துல யார் பேரு முதல்ல?"

"என் பேரு," என்றேன்.

வெளியே வந்ததும் நடைவழியில் மச்சாடுவின் மனைவி என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"நீதான் கண்டுபுடிச்சியாமே கண்ணு! நர்ஸ் சொன்னா. நீ மட்டும் வரலன்னா..."

மத்தியானம் வரை வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம்.

"சனிக்கிழமை குழாய மாத்திக் கட்டுனதே நான்தாம்மா. அளவு பாக்காம, பாத்ததா எழுதிட்டேன்."

"சனிக்கிழமையா?" அவர் உதடுகள் கணக்குப் போட்டன. "அப்ப ரெண்டு நாளா அவருக்கு..."

"ரெண்டு நாளா ஒரே நுரையீரல்லதான்."

அவர் என் கைகளை விடவில்லை. பிடித்திருப்பதையே மறந்துவிட்டவர்போல அப்படியே நின்றார்.