பதினோரு குழாய் ரத்தம்

பிணத்தைக் குளிப்பாட்ட அரப்பு வைக்கும் நேரம். அம்மாவின் தலையைச் சுற்றியிருந்த துணியை வெள்ளத்தாய் அவிழ்க்கப் போனாள். அம்மாவின் அக்கா, பெரியம்மா பெத்தம்மாள், அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"துணியோடயே வச்சிருவோம்ட்டி. ஊரே நிக்கி."

"நிக்கட்டும் பெரியம்மா. அம்மா சொல்லிட்டுத்தான் போயிருக்கா."

அவிழ்த்தாள். நெற்றியோரம் முதல் பிடரி வரை, பெரிதும் சிறிதுமாகக் கழலைகள். இந்தத் தலையை மறைத்துக்கொண்டுதான் அம்மா அங்காளம்மாள் ராஜபாளையம் மில்லில் இருபது வருஷம் வேலை பார்த்தாள். யாரோ தொழுநோய் என்று சொல்லப்போக, ஆறு வருஷம் அதற்கு மாத்திரையும் தின்றாள். மதுரையில் ஒரு டாக்டரம்மாதான் ஒரு கழலையை அறுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு, இது வேர்வைச் சுரப்பியில் வரும் அபூர்வக் கட்டி, யாருக்கும் ஒட்டாது, வம்சத்தில் வருவது என்றார். அங்காளம்மாளையும் மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். "கோலம் போட்டாப்ல இருக்குட்டி" என்று மகளிடம் ஒரு வாரம் அதையே பேசிக்கொண்டிருந்தாள்.

ரத்தத்தில் எந்த இடத்தில் பழுது என்று தெரிய, ஒரே குடும்பத்தில் கட்டி உள்ளவர்கள், இல்லாதவர்கள் எல்லாருடைய ரத்தமும் வேண்டுமாம். அங்காளம்மாள் வீடு வீடாகப் போய்க் கேட்டாள். பிள்ளைகளின் கல்யாணம் நின்றுபோகும் என்று கதவைச் சாத்தினார்கள். "நான் செத்தா அம்புட்டுப் பேரும் வந்துதான ஆகணும்? அன்னைக்கு ரத்தம் எடுக்குற அந்த ஆள வரச் சொல்லு" என்று மகளிடம் சொல்லி வைத்தாள். லேசுப்பட்ட பொம்பளையா அவள்!

அந்த ஆள், மதுரை லேப் பொன்னுராஜ், வாசலில் ஐஸ் பெட்டியோடு உட்கார்ந்திருந்தான். வெள்ளத்தாய் முதலில் கையை நீட்டினாள். ஒரு குழாய். அதோடு நின்றது. மதிய பஸ்ஸை விட்டால் ஐஸ் தாங்காது என்றான்.

தெருமுனையில் அம்மாவின் தம்பி சிவனாண்டி, பிறந்த வீட்டுக் கோடிச்சேலையோடு நின்றார். பட்டாளத்திலிருந்து வந்தவர். எந்தத் துட்டி வீட்டுக்குள்ளும், யார் செத்தாலும், நுழையமாட்டார். நுழைந்தால் தலைப்பாகையை எடுக்க வேண்டும். வெள்ளத்தாய் அவரிடம் போனாள்.

"கோடிய நீயே போத்திரு தாயி."

"முடியாது மாமா. நீங்கதான் போத்தணும். அம்மா தலையத் தொறந்துதான் வச்சிருக்கு."

"எல்லாரும் பாக்காகளா?"

"பாக்காக. ஒருத்தரும் ஓடிறல."

பிறகு வந்தார். பந்தலுக்குள் வந்ததும் தலைப்பாகையை அவிழ்த்தார். அக்காவின் தலையேதான் அவருக்கும். கோடியைப் போர்த்தி, அரப்பைத் தொட்டு அவள் உச்சியில் வைத்தார். பொன்னுராஜுக்கு எதிரில் உட்கார்ந்து சட்டைக் கையை மடித்தார்.

"எடுங்க தம்பி."

அடுத்து பெத்தம்மாள் வந்தாள். அவளுடைய மகன், போலீஸ்கார அண்ணன், தன் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தான். வரிசை வாசலைத் தாண்டியது. பதினோரு குழாய். வெள்ளத்தாய்க்கு அழுகையை மீறிப் பெருமை பொங்கியது. யார் வீட்டுச் சாவில் சனம் இப்படி வரிசை கட்டி நின்றிருக்கிறது?

ஐஸ் பெட்டியின் மூடி சரியாகப் பொருந்தவில்லை. சிவனாண்டி தன் தலைப்பாகைத் துணியால் அதை நாலு சுற்றுச் சுற்றி, இறுக்கி முடிச்சுப் போட்டுக் கொடுத்தார். பொன்னுராஜ் பஸ்ஸுக்கு ஓடினான்.

பாடையைத் தூக்கினார்கள். முன்னால் தோள் கொடுத்தவர் சிவனாண்டி. கடைத்தெரு வழியாகவே, வெறுந்தலையோடு நடந்தார்.