கொம்புக்கு வாங்கிய நீலம்

யாராவது வலிய வந்து நல்லது செய்தால் கோவிந்தசாமிக்கு ஆகாது. ரேஷன் கடையில் எடை சரியாக இருந்தால்கூட, ‘இன்றைக்கு மட்டும் எப்படிச் சரியாக இருக்கிறது?’ என்று வீட்டுக்கு வந்து மறுபடி நிறுத்துப் பார்க்கிற ஆள் அவர்.

அப்படிப்பட்டவர் ஊருக்குத்தான் கார்த்யாயினி மேடம் சிதம்பரத்திலிருந்து ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். காலேஜில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவர். ஞாயிறுதோறும் பள்ளிக்கூட வராந்தாவில் ஊர்க்காரர்கள் பத்துப் பதினைந்து பேரை உட்காரவைத்து, கொக்கு வகையில் எது வக்கா, எது மடையான், கூட்டை எவ்வளவு தூரத்தில் நின்று பார்க்க வேண்டும், வேட்டைக்காரன் வந்தால் யாருக்குப் போன் போட வேண்டும், அதிகாரியிடம் எப்படி மனு கொடுத்துப் பேச வேண்டும் என்றெல்லாம் பழக்கினார். பீஸ் கிடையாது. கட்சிக் கொடி கிடையாது. வருகிறவர்களுக்குச் சுண்டல் வேறு.

“ஆதாயம் இல்லாம செட்டியார் ஆத்தோட போவாரா?” என்றார் கோவிந்தசாமி. “இந்த வெயில்ல அந்தம்மா கொக்கு பாக்கவா வருது?”

அவருடைய மருமகள் காயத்ரியே அந்தக் கூட்டத்தில் முதல் வரிசையில் இருந்தாள். அதுதான் அவருக்குத் தொண்டையில் முள். கழுத்தில் ஒரு பைனாகுலரை மாட்டிக்கொண்டு வாய்க்கால் கரையில் போவாள், வருவாள்.

“ஒரு தடவ கண்ணுல வச்சுப் பாருங்க மாமா. நம்ம புளியமரத்துல வக்காக் குஞ்சு வாயத் தொறக்கறது அப்படியே தெரியும்.”

“என் கண்ணே எனக்குப் போதும். ரோட்டுக்கு அளக்க வந்தவனும் இப்படித்தான் ஒண்ண வச்சிக்கினு ஒத்தக் கண்ணால பாத்தான்.”

அவர் சந்தேகத்தை ஒரேயடியாகக் குற்றம் சொல்லவும் முடியாது. நாலுவழிச் சாலை வந்தபோது அவருடைய மேட்டு நிலம் போய்விட்டது. முதலில் ஆள் வந்து அளந்தான். அப்புறம் சாலையோர மரங்களில் வெள்ளைப் பெயின்ட்டில் நம்பர் போட்டான். அப்புறம் மரம் விழுந்தது; அப்புறம் நிலத்தில் கல் முளைத்தது. இப்போது அவருக்கு மிச்சம் இருப்பது வாய்க்காலை ஒட்டிய இந்த ஒரு துண்டுதான். அதுவும் போனால் மகன் வேலை பார்க்கிற திருப்பூருக்குப் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

ஆகவே, பங்குனி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் நிலத்துக்கு முன்னால் நிற்கிற புளியமரத்தில் வெள்ளைப் பெயின்ட்டில் ‘14’ என்று எழுதியிருந்ததைப் பார்த்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். நேரே பள்ளிக்கூடத்துக்குப் போனார்.

“வாய்க்காலை அகலப்படுத்தப் போறாங்க ஐயா,” என்றார் கார்த்யாயினி. “கரையில இருக்கற மரமெல்லாம் போயிடும். கூடு இருக்கற மரத்தையாவது விடுங்கன்னு நாங்க மனு கொடுத்தோம். உங்க மருமகதான் அதிகாரிகிட்ட தைரியமாப் பேசினா. நம்பர் போட்ட மரத்தைத் தொட மாட்டோம்னு ஒத்துக்கிட்டாங்க.”

“நம்பர் போட்டா வுட்டுடுவாங்களா?”

“ஆமா ஐயா.”

“சரிங்க, சரிங்க.” சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். நம்பர் போட்ட பிறகு உயிரோடு நின்ற மரத்தை அவர் ஆயுசில் பார்த்ததில்லை. காயத்ரி நல்ல பெண்தான். அவளையும் அல்லவா ஏமாற்றிவிட்டார்கள் என்று ஆத்திரம் வந்தது.

போகும்போது வராந்தாவின் கடைசியில் கொளஞ்சியப்பன் உட்கார்ந்திருப்பது கண்ணில் பட்டது. கோவிந்தசாமியின் தங்கையைக் கட்டியவன். மடைத் தண்ணீர்த் தகராறில் இருவருக்கும் பேச்சு நின்று வெகுகாலம் ஆகிறது. இவன் எதற்கு இங்கே? சோழியன் குடுமி சும்மா ஆடாதே. பக்கத்து நிலம் அவனுடையது. அதன் முன்னால் நிற்கிற வாகைமரத்தில் நம்பர் இல்லை. தன் மரத்தைத் தப்பவைத்துவிட்டு என் மரத்தைக் காட்டிக்கொடுத்திருக்கிறான் பாவி! கணக்கு அவருக்குச் சுத்தமாக விளங்கிவிட்டது. வாகையில் ஒரு கூடுகூட இல்லை என்பது மட்டும் அந்தக் கணக்கில் வரவில்லை.

பக்கத்து ஊர்வரை பொக்லைன் வந்துவிட்டது, நாளைக்கு இங்கே என்று டீக்கடையில் சேதி வந்தது. அன்று உச்சி வெயிலில், ஊர் கண்ணயர்ந்த நேரத்தில், கோவிந்தசாமி அரிவாளோடு கரைக்குப் போனார். புளியின் பட்டையை நம்பரோடு சேர்த்துச் செதுக்கி, அந்த இடத்தில் சேற்றை அப்பினார். மேலே வக்காக்கள் கத்தின. மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பில் பூசியது போக மிச்சமிருந்த பெயின்ட்டு டப்பாவை மடியிலிருந்து எடுத்தார். நீலம்தான் இருந்தது. நீலமானால் என்ன? கொளஞ்சியப்பனின் வாகையில் கொட்டை எழுத்தில் ‘14’ போட்டார். வெகுநாள் கழித்து அன்றைக்குத்தான் மனசு குளிர்ந்தது.

சாயங்காலம் காயத்ரி காபி கொடுத்தபோது, “நான் இன்னைக்கு வாய்க்கா பக்கமே போவல,” என்றார்.

“நான் கேக்கவே இல்லியே மாமா,” என்றாள் அவள். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று சொன்ன கதையாகிவிட்டதோ என்று அவர் காபியை அவசரமாக ஊத ஆரம்பித்தார்.

காலையில் பொக்லைன் வந்தது. கூடவே மரமறுக்கும் ஆட்கள். கோவிந்தசாமி வரப்பில் குந்தி, கொளஞ்சியப்பன் தலையில் இடி விழுவதைப் பார்க்கத் தயாரானார். முதலில் பன்னிரண்டாம் நம்பர் வேம்பு. மேஸ்திரி நம்பரைப் பார்த்தான், தாண்டிப் போனான். அடுத்து நம்பர் இல்லாத பூவரசு. அதை அறுத்துத் தள்ளினார்கள். பதின்மூன்றாம் நம்பர் அரசமரத்தையும் விட்டார்கள். கோவிந்தசாமிக்கு வேர்த்தது. அப்படியானால் அந்தம்மா சொன்னது நிஜமா? நிஜமாகவும் இருக்குமா?

புளியமரத்தில் ஆள் ஏறினான். மெஷின் வாள் உறுமியது. தெற்குப் பக்கத்துப் பெரிய கிளை, ஏழெட்டுக் கூடுகளோடு, வாய்க்காலில் வந்து விழுந்தது. கண் திறந்தும் இறக்கை முளைக்காத குஞ்சுகள் சேற்றில் நெளிந்தன. தாய்ப்பறவைகள் கத்திய கத்தலில் அவர் வரப்பிலிருந்து எழுந்துவிட்டார்.

காயத்ரி கரையோடு ஓடி வந்தாள். “இது பதினாலு! இதுல நம்பர் இருக்கு!”

“எங்கம்மா இருக்கு?” என்றான் மேஸ்திரி. “பதினாலு அதோ, அந்த வாகையில இருக்கு. எனக்கு நம்பர்தாம்மா உத்தரவு.”

அவள் நீல நம்பரைப் பார்த்தாள். புளியின் பட்டையில் காய்ந்து வெடித்திருந்த சேற்றைப் பார்த்தாள். பிறகு மாமனாரைப் பார்த்தாள். வாய்க்காலில் இறங்கிக் குஞ்சுகளை முந்தானையில் பொறுக்க ஆரம்பித்தாள். அவள் திட்டியிருந்தால் அவர் தாங்கியிருப்பார்.

“நிறுத்துய்யா,” என்றார் கோவிந்தசாமி. “இந்த மரத்து நம்பருதான் அது. நான்தான் மாத்தினேன்.”

மேஸ்திரி சிரித்தான். “பெரியவரே, வாள வச்சதும் எல்லாரும் இப்படி ஒரு கதை சொல்றாங்க. உங்கள நம்பி நான் வேலைய நிறுத்த முடியுமா?”

வாழ்க்கையில் முதல்முறையாக உண்மையைப் பட்டவர்த்தனமாகச் சொன்ன அன்றைக்கு அவரை நம்ப ஆளில்லை. வீட்டுக்கு ஓடினார். டப்பாவோடு திரும்பி வந்து, எல்லோரும் பார்க்க, புளியின் அடிமரத்தில் அதே நீலத்தில் ‘14’ என்று எழுதினார். பெயின்ட்டு ஒழுகியது.

கூட்டத்தில் கொளஞ்சியப்பனும் நின்றான். அந்த நீலத்தைப் பார்த்தான். தன் வாகையில் இருந்த நீலத்தையும் பார்த்தான். கோவிந்தசாமி தலையைக் குனிந்துகொண்டார்.

“ரெண்டு பதினாலு எப்படிய்யா?” என்றான் மேஸ்திரி. “எதாவது ஒண்ணு பொய்யி.”

“என் மரத்துல இருக்கறதுதான் பொய்யி,” என்றான் கொளஞ்சியப்பன். “அதுல கூடு இல்ல. புளிய வுட்டுடு.”

மத்தியானத்துக்குள் வாகை விழுந்தது. ஒருபக்கம் மொட்டையான புளியமரத்தில் வக்காக்கள் திரும்ப வந்து உட்கார்ந்தன. பொறுக்கிய குஞ்சுகளை அட்டைப் பெட்டியில் வைத்துக்கொண்டு காயத்ரி கார்த்யாயினிக்குப் போன் போட்டாள். அவளுடைய பைனாகுலர் வரப்பில் கிடந்தது. கோவிந்தசாமி அதை எடுத்துத் துண்டால் துடைத்து, அவள் பக்கத்தில் வைத்தார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

கொளஞ்சியப்பன் ஏன் அப்படிச் சொன்னான்? எதையோ மனசில் வைத்துக்கொண்டுதான் சொன்னானா? கோவிந்தசாமி புரட்டிப் புரட்டி யோசித்துப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாததுதான் அவரை வெட்கப்பட வைத்தது.

மறுநாள் வெயிலில் கொளஞ்சியப்பனின் மாடுகள், வாகை நின்ற இடத்தில் பழக்கத்துக்குப் போய் நின்று மூச்சிரைத்தன. கோவிந்தசாமி புளியடியிலிருந்து எழுந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“மச்சான்! மாட்ட இந்தப் பக்கம் ஓட்டியா. இங்க நெழலு இருக்கு.”

கொளஞ்சியப்பன் அசையவில்லை. கையைப் புருவத்துக்கு மேல் வைத்து அவரையே உற்றுப் பார்த்தான்.

“எதுக்கு?” என்றான்.

அந்தக் குரலில் இருந்த சந்தேகம் யாருடையது என்று கோவிந்தசாமிக்கு நன்றாகத் தெரிந்தது.