டிரைவர் சீட்டுக்கு அடியில்

பேட்டரியைக் கட்டியிருந்த கயிற்றை வெட்டியிருந்தால் நொடியில் வேலை முடிந்திருக்கும். வெல்டர் அதை உட்கார்ந்து அவிழ்த்துக்கொண்டிருந்தான். யாரோ ஒரு லாரிக்காரர் கொட்டும் மழையில் போட்டுக்கொடுத்த முடிச்சு அது. மண்ணும் ஆசிட்டும் ஊறி இறுகிப்போயிருந்தது. ஜீப்பின் டிரைவர் சீட்டைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, கதவோரம் மண்டியிட்டு, நகம் வலிக்க வலிக்க நெகிழ்த்தினான். அவன் மனைவி ஒரு மாதமாக இந்தக் கயிற்றை நம்பித்தான் வேலைக்குப் போய் வருகிறாள். அவனும் ஒரு மாதமாக அதைப் பார்க்காத மாதிரியே இருந்துவிட்டான். இன்று காலையில் அவளே பட்டறைக்குள் வந்து சாவியை மேசையில் வைத்தாள்.

"ட்ரான்ஸ்ஃபர் வந்துருச்சு. நாளன்னைக்கு ஊருக்குப் போய் எங்கம்மாவையும் கூட்டிக்கிட்டு அங்கயே போயிடறேன். அதுக்குள்ள இந்தப் பேட்டரிப் பெட்டிய மாத்தித் தர முடியுமா? முடியாதுன்னா சொல்லிடுங்க, வெளிய குடுத்துக்கறேன்."

கல்யாணமான நாளிலிருந்து வா, போ என்று வாய் நிறையப் பேசியவள், போன மாதத்திலிருந்து மரியாதை கொடுக்க ஆரம்பித்திருக்கிறாள். கேட் செய்யச் சொல்லி வருகிறவர்கள் அவனிடம் இப்படித்தான் பேசுவார்கள். அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பான். "நானே பண்ணித் தர்றேன்" என்றான். திரும்பி வருவாயா என்று கேட்க வாயெடுத்து, மென்று விழுங்கினான்.

தெருவில் அவனுக்குப் 'பாத்துக்கலாம்' என்று பெயர். தொழிலில் குறை சொல்ல முடியாத ஆள். ஊரார் வீட்டு கேட்டும் ஜன்னல் கம்பியும் சொன்ன தேதியில் போய்ச் சேர்ந்துவிடும். சொந்த வீட்டு வேலை என்றால்தான் அந்த வார்த்தை வரும். அவன் வீட்டுச் சமையலறைக் குழாயை இன்னமும் ஒரு கம்பிதான் பிடித்துக்கொண்டிருக்கிறது. மனைவி சர்வேயர். ரோடு போகாத இடத்துக்கெல்லாம் போய் நிலம் அளப்பவள். அதற்காகத்தான் நாலு சக்கரமும் இழுக்கிற இந்தப் பழைய ஜீப்பை ஆசையாய் வாங்கினாள். பேட்டரி இருப்பது டிரைவர் சீட்டுக்கு அடியில், ஒரு தகரப் பெட்டியில். மேலே ஆசிட் கசியும், கீழே சேற்றுத் தண்ணீர் அடிக்கும். துரு பிடிக்காமல் என்ன செய்யும்? ஓட்டை விழும்போதெல்லாம் அவள் சொல்வாள், அவன் கையில் கிடைத்த தகட்டை வெட்டி மேலே ஒட்டுப் போட்டுவிடுவான். "இப்போதைக்குத் தாங்கும். அடுத்த தடவ முழுசா மாத்திடுவோம்."

ஒட்டு மேல் ஒட்டு விழுந்ததில் பெட்டியின் அடி மேடு பள்ளமாகி, பேட்டரி உள்ளே ஆட ஆரம்பித்தது. தெரு வளைவைத் தாண்டி, வீட்டிலிருந்து கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு வேகத்தடை உண்டு. ஜீப் அதில் ஏறி இறங்கும்போது பேட்டரி எகிறி 'டொக்' என்று இடிக்கும். பட்டறையில் என்ன இரைச்சல் இருந்தாலும் அந்தச் சத்தம் அவன் காதில் விழுந்துவிடும். எதிரே பஞ்சர் கடை வைத்திருப்பவருக்கும் அது பாடம். "மாப்ள, தங்கச்சி வந்துருச்சு, உன் வீட்டு மணி அடிச்சிருச்சு பாரு" என்று கத்துவார். இவன் வெல்டிங்கை அணைத்துவிட்டு டீக்குத் தண்ணீர் வைக்கப் போவான். அவள் வந்து கால் கழுவுவதற்குள் டீ கொதித்திருக்கும். தன் சோம்பேறித்தனத்தில் விளைந்த அந்தச் சத்தத்தின் மேல் அவனுக்குப் பிரியமே வந்துவிட்டிருந்தது.

போன மாதம் ஒரு மத்தியானம் அவள் அப்பாவுக்கு உடம்பு மோசம் என்று போன் வந்தது. மழைக்காலம். மெயின் ரோட்டில் பாலம் உடைந்து கிடந்ததால் மண் பாதையில்தான் போக வேண்டும். "பெட்டி தாங்குமா?" என்று கேட்டாள். அவன் ஒரு கேட்டுக்குக் கடைசிக் கம்பியைப் பற்றவைத்துக்கொண்டிருந்தான். கண்ணாடியைக்கூடக் கழற்றவில்லை. "அதெல்லாம் தாங்கும், நீ கெளம்பு. வந்ததும் மாத்திப் பாத்துக்கலாம்."

பாதி வழியில் பெட்டியின் அடி பெயர்ந்துவிட்டது. பேட்டரி சரிந்து, கேபிள் பிய்ந்து, வண்டி படுத்துவிட்டது. மழையில் அவள் எவ்வளவு நேரம் நின்றாள் என்று அவனிடம் சொன்னதில்லை. கடைசியில் ஒரு லாரிக்காரர் இறங்கி, கேபிளை முறுக்கிச் சேர்த்து, பேட்டரியைக் கயிற்றால் கட்டிக் கிளப்பிவிட்டார். அவள் போய்ச் சேர்ந்தபோது அப்பாவின் கட்டைவிரல்களைக் கட்டி முடித்திருந்தார்கள். அது வரைக்கும் அவள் பேரைச் சொல்லிக்கொண்டே இருந்தாராம். சாவுக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராக அதை அவனிடம் சொன்னார்கள். அவள் மட்டும் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. அவனும் மன்னிப்புக் கேட்க நாள் பார்த்துக்கொண்டே இருந்தான். அதற்கும் ஒரு பாத்துக்கலாம்.

கயிறு அவிழ்ந்தது. அதைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பேட்டரியை இறக்கினான். சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்ற, பெட்டிக்குள் ஆசிட் நுரைத்துப் பொங்கி அடங்கியது. கிரைண்டரை வைத்து வெட்டி எடுத்துப் பார்த்தபோது அவனுக்கே வெட்கமாக இருந்தது. ஒரு ஒட்டு நீல டிரம்மின் தகடு. அவர்கள் இந்த வீட்டுக்குக் குடிவந்த வருஷம் போட்டது. இன்னொன்று ஏதோ கடையின் பெயர்ப்பலகை, பாதி எழுத்து இன்னும் தெரிந்தது. அதைப் போட்ட அன்று அவள் அவன் முதுகில் சாய்ந்து நின்று, "உன் ஒட்டுக்கு ஒரு கண்காட்சியே வைக்கலாம்டா" என்று சிரித்தாள். ஒன்று விடாமல் எல்லா ஒட்டும் அவளைத் தாங்கத்தான் போட்டது. ஒன்றும் தாங்கவில்லை.

புதுப் பெட்டியை அவன் செய்த மாதிரி வேறு எவனும் செய்திருக்க மாட்டான். அட்டையில் மாதிரி வெட்டி வண்டியில் வைத்துப் பார்த்து, கனமான தகடு எடுத்தான். மடிப்புகளைச் சுத்தியலால் தட்டித் தட்டி மடக்கினான். உள்ளேயும் வெளியேயும் இடைவெளி இல்லாமல் பற்றவைத்தான். தண்ணீர் நிரப்பி ஒழுகுகிறதா என்று பார்த்துவிட்டு, மூலையில் வடிகால் துளை போட்டுச் சின்னக் குழாய் வைத்தான். பேட்டரி அசையாமலிருக்க மேலே ஒரு பட்டை, அடியில் ரப்பர் விரிப்பு, இரண்டு கோட் ப்ரைமர், அதற்கு மேல் பெயின்ட். எதிர்க்கடைக்காரர் வந்து எட்டிப் பார்த்தார். "என்ன மாப்ள, பொண்ணுக்குச் சீர் வைக்கிற மாதிரி செய்யற" என்றவர், இவன் முகத்தைப் பார்த்ததும் திரும்பிப் போய்விட்டார்.

மறுநாள் சாயங்காலம் அவளும் வந்து நின்றாள். உள்ளே நிலம் அளக்கிற கருவியின் முக்காலியையும் துணிகளையும் மூட்டை கட்டிய கை, தூசியாக இருந்தது. பெட்டியின் விளிம்பை ஒரு விரலால் தடவினாள்.

"இவ்ளோ நல்லா பண்ணத் தெரியும்ல உங்களுக்கு" என்றாள்.

குரலில் குத்தல் இருந்ததா என்று பார்த்தான். இல்லை. உண்மையாகவே ஆச்சரியப்பட்டாள், அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. இப்போதாவது மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று வாயைத் திறந்தான். "பெயின்ட் காயணும்" என்றான். அவள் தலையாட்டிவிட்டு உள்ளே போனாள்.

கிளம்பும் நாள் விடிந்ததும் பேட்டரியை உள்ளே இறக்கினான். பாசிட்டிவை மாட்டி இறுக்கினான். எர்த் டெர்மினலை மாட்டி நட்டைக் கையால் திருகியவன், ஸ்பேனரை எடுக்காமல் அப்படியே நின்றான். கையிறுக்கத்தில் வண்டி இங்கே ஸ்டார்ட் ஆகும், தார் ரோட்டிலும் ஓடும். மண் பாதை தொடங்கியதும் ஆடி ஆடிக் கழன்றுவிடும். நின்றுபோனால் அவள் யாரைக் கூப்பிடுவாள்? எதிர்க்கடைக்காரரின் பைக்கை வாங்கிக்கொண்டு பறந்து போவான். வீட்டுக்குள் நாக்கு எழாத வார்த்தையெல்லாம் அங்கே, ரோட்டோரத்தில், வந்துவிடும். வருமென்றுதான் தோன்றியது. சீட்டை எடுத்து மேலே வைத்து மூடினான்.

அவள் ஏறி உட்கார்ந்தாள். ஒரே திருப்பலில் ஸ்டார்ட் ஆனது. "வர்றேன்" என்று சொல்வது வழக்கம்தான். அதை அவள் சொல்லவில்லை. "குழாயச் சரி பண்ணிக்கோங்க, தண்ணி வீணாப் போகுது" என்றாள். வண்டி நகர்ந்தது. அதன் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றவனுக்கு, மழையில் நனைந்துகொண்டு யார் வண்டியாவது வருமா என்று ரோட்டைப் பார்க்கும் அவள் முகம் கண்முன் வந்தது. அந்த முகத்தைத் தன் கையாலேயே மறுபடியும் அங்கே கொண்டுபோய் நிறுத்தப் பார்த்திருக்கிறான்.

"நிப்பாட்டு" என்று கத்திக்கொண்டு ஓடினான். "ஒரு நிமிஷம் எறங்கு."

அவள் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி நின்றாள். சீட்டைத் தூக்கினான். ஸ்பேனரை வைத்து எர்த் நட்டைத் திருப்பினான். அது எவ்வளவு தூரம் சுற்றுகிறது என்பதை அவளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"மறந்துட்டீங்களா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள், மறதிக்குப் பேர்போனவன்தானே.

"இல்ல" என்றான். "வேணும்னேதான் விட்டேன்."

கோபம் வரும் என்று காத்திருந்தான். அவள் கண் நிறைந்து தளும்பியது. புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"நல்லா இறுக்கிடு" என்றாள். "எங்கம்மாவ வெச்சு ஓட்டணும்."

இன்னும் ஒரு சுற்றுப் போகுமா என்று பார்த்தான். போகவில்லை. சீட்டை வைத்தான். அவள் ஏறிக்கொண்டாள். ஜீப் வளைவில் திரும்பி மறைந்தது. அதன் சத்தம் தெருவின் மற்றச் சத்தங்களோடு கலந்துபோயிற்று. அவன் ஸ்பேனரைக் கையில் பிடித்தபடி, தலையைச் சாய்த்து, அந்த 'டொக்'குக்காகக் காது கொடுத்து நின்றான்.

எதிர்க்கடைக்காரர் ட்யூபைத் தண்ணீரில் அமுக்கியபடியே மெதுவாகக் கேட்டார். "தங்கச்சி வேகத்தடையத் தாண்டிருச்சா மாப்ள?"

"தெரியல மச்சான்" என்றான். "சத்தமே வரல."