சின்னதாகத் திறந்த குழாய்

சத்தியராஜுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துபோன நாளிலிருந்து, அவர் மனைவி ஜெயகுமாரிக்கு இடுப்பு என்று ஒன்று இல்லாமலே போய்விட்டது. அடுப்பில் வெந்நீர் போட்டு, குண்டானைத் துணியால் பிடித்துத் தூக்கி, கூடத்தைத் தாண்டிக் குளியலறைக்குக் கொண்டுபோய், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் மனுஷனுக்கு ஊற்ற வேண்டும். வீட்டில் பழைய கீசர் ஒன்று இருந்ததுதான். அது உப்புத் தண்ணீர் குடித்தே ஓட்டை விழுந்து ஒழுகிப் போயிற்று. நெமிலிச்சேரிப் பக்கத்து போர்த் தண்ணீர் யாருக்குத் தெரியாது? புது பக்கெட் வாங்கி வைத்தால் தீபாவளிக்குள் வெள்ளை பூத்துவிடும்.

அம்மா படும் பாட்டைப் பார்த்து மனசு கேட்காமல்தான், அம்பத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போகும் மகள் ஃபெபி, டேங்க் இல்லாத ஹீட்டர் ஒன்றை வாங்கி மாட்டிவிட்டாள். சுவரில் ஒரு டிபன் பாக்ஸ் அளவுக்குத்தான் இருந்தது. சுவிட்சைப் போட்டுக் குழாயைத் திறந்தால் போதும், ஓடுகிற ஓட்டத்திலேயே தண்ணீர் சூடாகி வரும். தண்ணீர் காயட்டும் என்று காத்திருக்க வேண்டாம், எதையும் தூக்க வேண்டாம். முதல் நாள் ஜெயகுமாரி கைஷவரைப் பிடித்தபடி, "அட கர்த்தாவே, இத்தினி நாளா நான் பைத்தியக்காரி மாரி சொமந்துகினு கெடந்தனே" என்று சிரித்தாள்.

மாட்ட வந்த முகமது ஆசிக் படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் போனான். "யக்கா, இது ஓடற தண்ணிய சூடு பண்ற மிஷினு. தண்ணி கம்மியா ஓடிச்சின்னா சூடு ஏறிகினே போவும். கொழாய நல்லா தொறந்து வையுங்க. அப்பறம் உங்க தண்ணி ஒரே உப்பு, உள்ள படிஞ்சி அடைச்சிக்கும். மூணு மாசத்துக்கு ஒருக்கா கூப்புடுங்க, வந்து கழுவி உட்டுர்றேன்."

"சரிப்பா, கூப்புடுறேன்" என்றாள் ஜெயகுமாரி.

எங்கே கூப்பிட்டாள்! நன்றாக ஓடுகிற சாமானை எதற்குக் கழற்றிப் போட வேண்டும் என்று விட்டுவிட்டாள். நாம் மட்டும் என்ன, மிக்ஸி புகைந்தால்தானே கடைக்குத் தூக்குகிறோம். குழாய் விஷயமும் அப்படித்தான். தண்ணீர் லாரிக்குப் பின்னால் குடத்தோடு ஓடி வளர்ந்தவளிடம் போய்க் குழாயை முழுசாகத் திற என்றால் அவளுக்குக் கை வருமா? அவள் எப்போதும் பாதிதான் திறப்பாள். அதுவே அவளுக்கு அதிகம்.

சத்தியராஜுக்கு அந்தக் குளியல்தான் உலகம். பேச்சு திரும்பியிருந்தது. இடது காலைக் கிள்ளினாலும் தெரியாது, ஆனால் வாக்கரைப் பிடித்து வாசல் கதவுவரை இழுத்து இழுத்துப் போய் வரத் தொடங்கியிருந்தார். காலுக்கு வெதுவெதுப்பாகத் தண்ணீர் விட வேண்டும் என்று நடைப் பயிற்சி கொடுக்க வருபவர் சொல்லியிருந்தார். "கிறிஸ்மஸுக்கு வாக்கர் இல்லாம சர்ச்சுக்கு நடந்து வர்றேன் பாரு ஜெயா" என்று தினமும் ஒரு தடவையாவது சொல்வார். அவளும் அதையே நம்பிக்கொண்டிருந்தாள். அந்த ஒன்றுக்காகத்தான் அவள் காலையில் எழுந்ததே.

அன்றைக்கு அவருக்குத் தலைக்கு ஊற்ற வேண்டிய நாள். வலது தோளில் தண்ணீரை விட்டு, "சூடு எப்டிங்க கீது?" என்று கேட்டாள்.

"சூப்பரா கீது ஜெயா."

தலைக்கு ஷாம்பு தேய்க்க இரண்டு கையும் வேண்டும். தண்ணீரை நிறுத்தலாம்தான், ஆனால் நிறுத்தித் திறந்தால் முதலில் பச்சைத் தண்ணீர் வரும், மனுஷன் நடுங்கிப்போவார். அதனால் நிறுத்தவில்லை. வீணாய்ப் போகிறதே என்று குழாயை இன்னும் சின்னதாக்கி, கைஷவரை அவர் இடது பாதத்தின் மேல் சாய்த்து வைத்தாள். காலுக்கும் ஒத்தடம் ஆயிற்று என்று ஒரு நினைப்பு. சத்தியராஜ் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ கீர்த்தனையை முனகிக்கொண்டிருந்தார்.

ஆவி முகத்தில் அடித்த பிறகுதான் குனிந்து பார்த்தாள். பாதத்தின் மேல்தோல் பால் ஏடு மாதிரி சுருங்கி விலகிக் கிடந்தது. தண்ணீரில் கையை வைத்தவள் அலறிப் பின்வாங்கினாள். அவர் மட்டும் கீர்த்தனையை முனகிக்கொண்டேதான் இருந்தார்.

"இன்னா ஜெயா, ஏன் கத்துற?" என்றார்.

மறுநாள் ஆசிக் வந்து ஹீட்டரைத் திறந்து பார்த்தான். உள்ளே உப்பு கட்டியாய் அடைத்திருந்தது. சூடு மீறினால் தானாக அணைக்க வேண்டிய பொத்தானும் அந்த உப்பிலேயே செத்துப் போயிருந்தது. ஜெயகுமாரி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். ஃபெபி, "உடும்மா, வேணும்னா செஞ்ச?" என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அடுப்பில் குண்டான் மறுபடி ஏறியது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒளிக்காமல் பேசினார். "சர்க்கரை இருக்கிற கால்மா. புண் உள்ள இறங்கிச்சுன்னா காலையே எடுக்க வேண்டி வரலாம். கட்டு மாத்தும்போது வலி தெரியுதான்னு கவனிச்சுக்கிட்டே இருங்க. வலிச்சா சந்தோஷப்படுங்க. கால் பிழைச்சிரும்னு ஒரு நம்பிக்கை இருக்கும்."

அதை இரண்டு பேருமே கேட்டார்கள்.

கட்டு மாற்ற கோமளா என்கிற நர்ஸ் வீட்டுக்கே வந்துபோனாள். அவள் புண்ணைத் துடைக்கும்போதெல்லாம் ஜெயகுமாரி, "வலிக்குதாங்க?" என்பாள். "இல்ல ஜெயா" என்பார் அவர். அவள் முகத்தை முந்தானையில் மறைத்துக்கொண்டு சமையலறைக்குப் போவாள். பாவி, நானே என் கையால் வேக வைத்தேனே என்று அடுப்படியில் நின்று பொருமுவாள். கூடத்திலிருக்கிறவருக்கு அது கேட்கும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

ஒரு நாள் கோமளா கட்டு மாற்றிக்கொண்டிருக்க, ஜெயகுமாரி அடுப்படியில் இருந்தபோது கூடத்திலிருந்து, "ஆ!" என்று ஒரு சத்தம். விழுந்தடித்து ஓடினாள்.

"வலிக்குது ஜெயா" என்றார் சத்தியராஜ்.

அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. "அப்பாவுக்கு வலிக்குதுடி! நெஜமாவே வலிக்குதாம்!" என்று ஃபெபிக்குப் போன் போட்டுக் கத்தினாள். அன்று ராத்திரி ரொம்ப நாளைக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

மறுதடவை கோமளா வந்தபோது ஜெயகுமாரி அடுப்படிக்குப் போகவில்லை. அந்த வலியைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று பக்கத்திலேயே நின்றாள். கோமளா கட்டை அவிழ்த்தாள். பழைய கட்டோடு ஒட்டிக்கொண்டு சதையும் கொஞ்சம் வந்தது. சத்தியராஜ் அசையவில்லை. அவர் கண்ணை இறுக மூடி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். கட்டு அவிழ்ந்ததே அவருக்குத் தெரியவில்லை. கோமளா நகர்ந்துபோய் மருந்து பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"ஐயோ! மெதுவாம்மா! உயிரு போவுது!" என்று கத்தினார் சத்தியராஜ்.

கோமளாவின் கை பாட்டிலிலேயே நின்றது. அவள் நிமிர்ந்து ஜெயகுமாரியைப் பார்த்தாள். ஜெயகுமாரிக்கு எல்லாம் புரிந்துவிட்டது. பேசாதே என்று கோமளாவுக்குத் தலையை ஆட்டினாள். மெல்லக் கட்டிலோரம் உட்கார்ந்து, அவருடைய நல்ல கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நேத்த விட இன்னிக்கு ஜாஸ்தியா வலிக்குது ஜெயா" என்றார் அவர், கண்ணைத் திறக்காமலே.

"நல்லதுதாங்க" என்றாள் ஜெயகுமாரி. பிறகு கோமளாவிடம், "கொஞ்சம் மெதுவா பண்ணும்மா, அவருக்கு வலிக்குதாம்" என்றாள்.